ஓரன் இறந்த பக்கம்

பிரபஞ்சத்தின் விளிம்பில் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது என்று ஆரம்பிக்கிறது புத்தகம். விளிம்பு என்றால் அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று உடனே கேட்கத் தோன்றுகிறது. பம்ப்செட் கம்பெனியில் இத்தனை வருஷம் அளவு பார்த்தே பிழைத்தவன் நான், எந்த விளிம்பையும் விரலால் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததற்குப் போனதில்லை, இந்த ஆசிரியர் என்னடாவென்றால் முதல் வரியிலேயே பிரபஞ்சத்துக்கு விளிம்பு வைத்துவிட்டு அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலின் பெயருக்குப் போய்விடுகிறார். அகண்டஜோதி. மூலத்தில் என்ன பெயரோ, தமிழாக்கியவர் வைத்தது இது. புத்தகம் நான் பிறப்பதற்கு முன்னால் அச்சானது, தாள் பழுத்து, புரட்டினால் ஓரம் உதிர்கிறது, மடியில் தவிட்டுத் தூள் மாதிரி விழுகிறது. ஒன்பது பாகம். மற்ற எட்டும் வீட்டில் கட்டிலுக்கு அடியில் நைலான் கயிற்றுக் கட்டோடு கிடக்க, முதல் பாகத்தை மட்டும் உருவி டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். கேட்டில் செக்யூரிட்டி அதைக் கையில் எடுத்துப் புரட்டினான், முன்னட்டையில் வளையம் போட்ட கிரகத்தையும் ஒரு பக்கம் றெக்கை உடைந்த கப்பலையும் பார்த்தான், போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். பேப்பர் கூடாது, போன் கூடாது, ரேடியோ கூடாது, கூட இருக்கிற துளசிமணியின் குரோஷா ஊசி கூடக் கூடாது, கூரான பொருளாம். புத்தகம் கூடாது என்று எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இந்த அறைக்கு அனுப்பப்படுகிறவன் புத்தகம் படிப்பான் என்று யார் நினைத்தார்கள். நானே நினைக்கவில்லை.

பயிற்சி அறை என்று கதவில் போட்டிருக்கிறது. எங்கள் ஷாப்பில் காயப்போடுகிற ரூம் என்பார்கள். கம்பெனி கை மாறிய பிறகு ஆளைக் குறைக்கிறார்கள், விருப்ப ஓய்வு என்று ஒரு தாளைக் கொடுக்கிறார்கள், விருப்பமில்லை என்றால் இங்கே அனுப்புகிறார்கள். வேலை கிடையாது. சம்பளம் உண்டு. காலைச் சங்கு ஊதியதிலிருந்து மாலைச் சங்கு வரை கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடிப்பதில்லை, திட்டுவதில்லை, டீ கூட வருகிறது. வெள்ளைப் பலகையில் எப்போதோ யாருக்கோ நல்வரவு என்று எழுதியதை யாரும் அழிக்கவில்லை. முதலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம், ஒவ்வொருவராகக் காய்ந்து உதிர்ந்து இப்போது மூன்று பேர். ஃபவுண்டரி சூப்பர்வைசர் ஹபிபுல்லா பாய், ஸ்டோர்ஸ் துளசிமணி, இன்ஸ்பெக்‌ஷன் மருதாசலம் ஆகிய நான். இன்றைக்குக் கடைசி நாள். சாயங்காலச் சங்குக்குள் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் ராய்ப்பூர் டிப்போவுக்கு மாற்றல், அங்கே குடோனில் பெட்டி பார்த்துக்கொண்டு ஓய்வு வரைக்கும் கிடக்கலாம். டீ வந்துபோன பிறகு மனிதவளத் துறை பிரணவ் வருவார். தினமும் அப்போதுதான் வருகிறார், இன்றைக்கும் வருவார். அதற்குள் நான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய வேண்டிய நாளில் பிரபஞ்சத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். கப்பல் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. பத்துப் பக்கமாகச் சக்கரவர்த்தியின் வம்சம் ஓடுகிறது, ஏழாம் மித்ரோன், அவன் தகப்பன் ஆறாம் மித்ரோன், அவனை விஷம் வைத்த சித்தப்பன், நட்சத்திரத்துக்கு ஒரு பெயர், அதைச் சுற்றும் கிரகத்துக்கு ஒரு பெயர், அந்தக் கிரகத்து ஜனங்களுக்கு வேறொரு பெயர். எனக்குப் பேரன் பேத்தி பிறந்த நட்சத்திரமே நினைவில் நிற்பதில்லை.

ஏனுங்ணா, கப்பல் கெளம்பிருச்சுங்களா, என்று துளசிமணி கேட்கிறாள். இன்னும் இல்ல அம்மிணி, என்கிறேன். நம்மூரு டவுன் பஸ்ஸாட்ட இருக்குதுங், ஆளு நெறஞ்சாத்தான் எடுப்பானாட்டிருக்குது. பாய் கண்ணை மூடிக்கொண்டே சிரிக்கிறார். காலையில் முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்ததால் வந்தது இது, படித்தால்தான் மனம் ஓடாமல் நிற்கிறது என்று படித்தேன், பிறகு வெட்கமாகிப்போய் உதட்டுக்குள் படிக்கிறேன். இந்தப் புத்தகக் கட்டை வாங்கியதும் இதற்குத்தான். உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் தடியான புத்தகம் ஏதாவது வேண்டும் என்றேன். தடின்னா எவ்வளவு தடிங்க, என்றார் கடைக்காரர். ஒரு ஆளு காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் ஓடணும். அப்படி எத்தனை நாளைக்கு. தெரியலீங்க, என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறவன் என்று நினைத்திருப்பார், உள்ளே போய் இந்தக் கட்டைத் தூக்கிவந்து தூசி தட்டினார். முதல் பாகம் மட்டும் போதும் என்றதற்கு, பிரிச்சுக் குடுத்தா மிச்சத்த நான் யாரு தலைல கட்டறது, நடுவுல உட்டுட்டுப் போறவங்களுக்கு நான் புக்கு விக்கறதில்லைங்க, என்றார். அந்த வார்த்தைதான். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் வைத்துவிட்டு வந்திருப்பேன். வீம்பு. என் வீட்டுக்காரி சுலோச்சனா இதைத்தான் சொல்கிறாள், உங்களுக்கு ரத்தத்துல சர்க்கரை பாதி, வீம்பு பாதி. ஒன்பது பாகத்தையும் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத அத்தனையும் படிக்கப்போறீங்களா. ஆமா. எப்ப முடிப்பீங்க. அந்தக் கேள்விக்குப் பின்னால் அவள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது, நானும் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கப்பல் கிளம்பிவிட்டது. தளபதி வால்கர் என்கிறவர்தான் கதாநாயகர் போலிருக்கிறது, எனக்கு இவரைப் பிடிக்கவில்லை. சாளரத்தருகே போய் நிற்கிறார். எதற்கெடுத்தாலும் சாளரத்தருகே போய் நின்று நட்சத்திரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், சுருட்டுப் பிடிக்கிறார், கப்பலுக்குள் காற்றுக்கே பஞ்சம் என்று முந்தின பக்கத்தில்தான் சொன்னார்கள். ஆபத்து வந்தால் சிவசிவா என்கிறார். பத்தாயிரம் வருஷத்துக்கு அப்புறம், பூமி எங்கே இருந்தது என்பதே மறந்துபோன காலத்தில், சிவசிவா. தமிழாக்கியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கப்பலில் ஏறிவிட்டார். இன்னொன்று, இவர்கள் நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரத்துக்குத் தாவும் தூரத்தை நகரும் கணக்குக்கோல் என்ற ஒன்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள். முதலில் புரியவில்லை. பிறகு பொறி தட்டியது, ஸ்லைட் ரூல். ஐ.டி.ஐ.யில் எங்கள் வாத்தியார் சட்டைப்பையில் செருகியிருப்பாரே, அது. ஆசிரியருக்கு நட்சத்திர சாம்ராஜ்யம் தெரிந்திருக்கிறது, கால்குலேட்டர் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வரப்போகிறது எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஆளுக்குத் தன் சட்டைப்பையில் இருப்பது போய்விடும் என்பது மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. நானும் மைக்ரோமீட்டரைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன், பக்கத்து அறையில் தானே அளந்து தானே எழுதிக்கொள்கிற மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நான் போய் அந்தப் பெட்டியைப் பிரிக்க ஒரு கை கொடுத்தேன், கண்ணாடி உடையாமல் பார்த்துக்கங்கப்பா என்று வேறு சொன்னேன். அது தப்பா. அந்த மெஷின் நன்றாகத்தான் அளக்கிறது. என்னைவிட நன்றாக அளக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை, நிஜமாகவே இல்லை, இல்லை என்று இத்தனை தரம் சொல்லிக்கொள்வதால் இருக்குமோ என்னவோ. எனக்கு வேலை இல்லை என்றால் இல்லை என்று சொல்லட்டும். விருப்பம் என்று என் கையால் எழுதி வாங்கப் பார்க்கிறார்களே, அங்கேதான் எனக்கு மாட்டிக்கொள்கிறது. நெஞ்சில் ஒரு பிசிறு. எத்தனை தேய்த்தாலும் போகவில்லை.

இருபத்திச் சொச்சமாவது பக்கத்தில் ஓரன் வந்தான். எஞ்சின் அறை ஆள். வம்சம் கிடையாது, பட்டம் கிடையாது, எந்தக் கிரகத்துக்காரன் என்று கூடச் சொல்லவில்லை. தளபதி கீழே இறங்கி வந்து எஞ்சின் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார், இவன் உள்ளங்கையை எஞ்சினின் விலாவில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, இன்னும் ஒரு தாவல் தாங்கும், இரண்டு தாங்காது என்கிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதை எழுதிய ஆள் எங்கேயோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்றிருக்கிறான். விளிம்பு, சாளரம், சிவசிவா எல்லாவற்றையும் அந்த இடத்தில் மன்னித்தேன். பாய், இங்க பாருங்க, என்று அந்தப் பத்தியை, தளபதியின் சிவசிவாவோடு சேர்த்து, வாசித்துக் காட்டினேன். பாய் கண்ணைத் திறந்தார். நெசந்தான், என்றார், நான் மோல்டுப் பொட்டியத் தொட்டே உள்ள இரும்பு ஆறிருச்சான்னு சொல்லீருவேன். அப்புறம் கேட்டார், அந்தத் தளபதி சிவசிவாங்கறாரே, அப்ப பத்தாயிரம் வருசம் கழிச்சும் உங்காளுங்கதான் மேல ஒக்காந்திருக்கறாங்களா. அது தமிழ்ல எழுதுனவரு வெச்சது பாய். எஞ்சின் ரூம்ல இருக்கறவன் நம்மாளா இருப்பான் பாரு, என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். துளசிமணி கேட்டாள், பொம்பளை யாரும் இல்லீங்களா அந்தக் கப்பல்ல. ஒரு இளவரசி இருக்கறா, இன்னும் தூங்கி எந்திரிக்கல. குடுத்து வெச்ச மகராசி, என்றாள். பாய் பழைய யார்டைப் பற்றிப் பேச்செடுத்தார், மோல்டு என்று சொன்னதும் அவருக்கு அந்த ஞாபகம் வந்திருக்கும். வார்த்து எடுத்த இரும்பை உடனே கடைசல் மெஷினில் ஏற்ற மாட்டோம் அந்தக் காலத்தில். யார்டில் போட்டு வைப்போம், மழை, வெயில், பனி எல்லாம் படட்டும் என்று மாசக் கணக்கில் கிடக்கும். வார்க்கும்போது இரும்புக்குள் ஒரு முறுக்கு இருக்கும், அது கிடந்து கிடந்து தணிந்த பிறகு கடைந்தால்தான் அளவு நிற்கும், இல்லாவிட்டால் இன்றைக்குச் சரியாக இருப்பது நாளைக்கு வளையும். புதிதாக வந்த ஆட்கள் பழைய இரும்பு என்று நினைத்து அதன் மேல் துணி காயப்போடுவார்கள். இப்போது அதற்கும் அடுப்பு வந்துவிட்டது, ஒரே ராத்திரியில் தணித்துவிடுகிறது. எனக்கு ஒன்று சொல்லிக்கொள்ள ஆசை வருகிறது, நாமும் இப்படி யார்டில் கிடக்கிறோம், கிடந்து பதமாகிறோம் என்று. சொல்லமாட்டேன். நான் இரும்பு இல்லை. இரும்புக்கு முறுக்கு தணியும், எனக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. இரும்பை யாரும் டீ நேரத்துக்கு அப்புறம் வந்து யோசிச்சீங்களா சார் என்று கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் கப்பல் தீப்பிடித்துவிட்டது. சுலோச்சனா கட்டிக்கொடுத்த கோதுமைச் சோற்றை மென்றுகொண்டே படித்தேன், சக்கரவர்த்தியின் எதிரிகள் துரத்துகிறார்கள், ஒரு தாவல் ஆகிவிட்டது, இரண்டாவது தரம் தாவினால்தான் தப்பிக்கலாம், தாவினால் எஞ்சின் தாங்காது. ஓரன் வால்வைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என் உள்ளங்கை வேர்த்தது, இதற்குப் போயா என்று அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். கப்பல் தாவியது. புது நட்சத்திரம், பச்சை வெளிச்சம், அரைப் பக்கத்துக்கு அந்த வெளிச்சம். பிறகு இப்படி ஒரு வரி. எஞ்சின் அறையில் ஓரன் இறந்துபோயிருந்தான். அடுத்த வரி, தளபதி வால்கர் சாளரத்தருகே சென்று நின்றார். நான் மறுபடி படித்தேன். நடுவில் தாள் கிழிந்திருக்கிறதா என்று பக்க எண்ணைப் பார்த்தேன், கிழியவில்லை. அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு அரைப் பக்கம், ஓரனுக்கு ஒரு வரி. வால்வைப் பிடித்த கை என்ன ஆனது, யார் போய் எடுத்துப் படுக்க வைத்தார்கள், பெண்டாட்டி பிள்ளை உண்டா, ஒன்றும் கிடையாது. புத்தகத்தை மூடி நாற்காலிக் கையில் வைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் வம்சம் எழுதத் தெரிந்த மனிதனுக்கு இதற்கு இடம் இல்லாமல் போயிற்றா. கேண்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. திரு. வெள்ளிங்கிரி, டர்னர், விருப்ப ஓய்வில் சென்றார். மேலே பொங்கல் விடுமுறை அறிவிப்பு, கீழே கேண்டீனில் தட்டைக் கழுவி வைக்கச் சொல்லி ஒரு வேண்டுகோள், நடுவில் வெள்ளிங்கிரி. நானும் அவனும் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். இதே அறையில், இப்போது வெறுமையாக இருக்கிற அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். பேசிப் பேசி முடிந்து, பிறகு பேசாமல் உட்கார்ந்து, ஒரு நாள் பாத்ரூம் போகிறவன் மாதிரி எழுந்து போனான், திரும்பவில்லை. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் தடுப்பேன் என்று நினைத்தானா, தடுக்கமாட்டேன் என்று நினைத்தானா. இப்போது கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் தினமும் காலையில் உட்கார்ந்திருக்கிறான், கம்பெனிச் சட்டையில், பாக்கெட் மேல் இருந்த எம்பிளத்தைப் பிரித்த இடத்தில் மட்டும் துணி புதுசாக நீலமாக இருக்கிறது. ஏண்டா இங்க வந்து உக்காந்திருக்கற. ஊட்ல டீ நல்லால்லடா. சங்கு ஊதியதும் நான் உள்ளே நடப்பேன், அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பான், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். பயம்தான். வீம்பு, நியாயம், விருப்பம் என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறேனே, அடியில் கிடப்பது அந்தப் பெஞ்சுதான். அவன் பக்கத்தில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது.

அப்படியென்றால் நான் எதிர்த்து நிற்கவில்லை, போக இடமில்லாமல் நிற்கிறேன், அவ்வளவுதானா. இதை நேற்று சுலோச்சனாவிடம் சொல்லிப் பார்த்தேன், துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்துக்கொண்டே சொன்னாள், கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டமுங்க, ராய்ப்பூர்னா ராய்ப்பூரு, நானும் வாரேன், அங்கயும் அரிசி பருப்பு விப்பாங்கல்ல. ஆனா போட்டுட்டு வந்து, போட்டுட்டனே போட்டுட்டனேன்னு என் மூஞ்சியப் பாத்து உக்காந்தீங்கன்னா அத மட்டும் என்னால தாங்க முடியாது. இவளுக்கு ஒரு வரி போதாது. இவளுக்கு ஒரு பாகம் வேண்டும். ராய்ப்பூரில் வெயில் அதிகம் என்கிறார்கள். இந்தி எனக்குத் தண்ணீர் கேட்கும் அளவுக்கு மட்டும் வரும். மாத்திரை மூன்று வேளை, கால் பாதம் இரவானால் எரிகிறது, குடோனில் நிற்க வைத்தால் என்ன செய்வேன். அங்கே போய் விழுந்தால் ஊரில் என்ன சொல்வார்கள், வீம்புக்குப் போனான் என்று. இங்கே டீக்கடையில் விழுந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், சொல்ல என்ன இருக்கிறது. எது நியாயம் என்று எடை போடப் போட இரண்டு தட்டும் ஆடிக்கொண்டேதான் இருக்கின்றன, ஆனால் ஓரனைப் பற்றி நினைத்தால் ஆடவில்லை, அங்கே கோபம் நேராக நிற்கிறது. இல்லாத ஒருவனுக்காக வருகிற கோபத்தை நம்பலாமா. தனக்காக வரவேண்டிய கோபத்துக்குத் தைரியம் இல்லாதவன்தான் கதையில் வருகிறவனுக்காகக் கோபப்படுவான் என்று ஒரு குரல் உள்ளே சொல்கிறது, என் குரல்தான், எனக்கு எதிராகப் பேசும்போது அதற்கு எப்போதும் வார்த்தை தடுமாறுவதில்லை. சரி, தைரியமில்லாதவன் என்றே இருக்கட்டும். புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தேன். இந்த ஆசிரியரை நான் விடப்போவதில்லை. இன்னும் எட்டுப் பாகம் இருக்கிறது, எங்கேயாவது ஒரு இடத்தில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் முடித்தார் என்றால் அதையும் முடித்துவிட்டுத்தான் சொல்வேன், முதல் பாகத்தில் மூடி வைத்துவிட்டுச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தாளு நெசமாவே செத்துட்டானுங்களா, என்கிறாள் துளசிமணி. அவளுக்கு எப்படித் தெரியும். உரக்கப் படித்திருக்கிறேன். பாய் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். டீ வந்து ஆடை படிந்து ஆறிப்போயிருக்கிறது. கதவு திறக்கிறது.

பிரணவ் நல்ல பையன். அதுதான் கஷ்டம். என் மகள் வயதிருக்கும், மெட்ராஸ் பக்கம், சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, எங்கள் கண்ணைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்துப் பேசுவார். பாயிடமும் துளசிமணியிடமும் ஏற்கெனவே கேட்டாயிற்று போலிருக்கிறது, அல்லது என்னைச் சாய்த்தால் அவர்கள் தானாகச் சாய்வார்கள் என்று கணக்கு. தாளை என் நாற்காலிக் கையில் வைக்கிறார், பேனாவைத் திறந்து மேலே வைக்கிறார். யோசிச்சீங்களா சார். இன்னைக்கு விட்டா அப்புறம் என் கைல இல்ல. நான் மடியிலிருந்த புத்தகத்தைப் பக்கம் மாறாமல் மூட, அவர் பார்வை அட்டையில் விழுகிறது. வளையம், கிரகம், உடைந்த றெக்கை. குனிகிறார். சார், இது தமிழ்ல இருக்கா. அந்தக் குரல் நான் இதுவரை அவரிடம் கேட்காத குரல். இதே படம்தான் சார் இங்கிலீஷ்லயும். காலேஜ்ல ஹாஸ்டல்ல படிச்சது, செமஸ்டர் எக்ஸாமை விட்டுட்டுப் படிச்சேன். எது வரைக்கும் வந்திருக்கீங்க. எஞ்சின் ரூம் வரைக்கும், என்கிறேன். ஓரனா. ஆமா. செத்துட்டானா. செத்துட்டான், ஒரு வரில. அவர் சிரிக்கிறார், நாற்காலியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அவ்ளோ சீக்கிரம் நம்பிடாதீங்க சார், என்று ஆரம்பித்தவர் எதற்கு இங்கே வந்தோம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொள்கிறார். முகம் பழைய முகமாகிறது, இல்லை, முழுக்க ஆகவில்லை. ஒம்பது பாகம் சார், ரொம்பப் பெருசு, யாரும் முடிக்கிறதில்ல, எங்க ஹாஸ்டல்லயே நான் ஒருத்தன்தான் முடிச்சேன். வேணும்னா முடிவை நானே சொல்லிடறேன், அஞ்சு நிமிஷம். நிம்மதியா கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. விளையாட்டாகத்தான் சொல்கிறார், கொஞ்சம் கெஞ்சலும் இருக்கிறது, என்னை ராய்ப்பூருக்கு அனுப்ப இந்தப் பையனுக்கும் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் என் முடிவு தெரிந்திருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். உள்ளே அந்தக் குரல் இப்போது ஒன்றும் பேசவில்லை, எப்போதும் பேசுகிற குரல், முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கால் எரிகிறது. பயம் அப்படியே இருக்கிறது, போகவில்லை, போகாது, அது பாட்டுக்கு இருக்கட்டும். வேண்டாங்க சார், என்கிறேன். நானே போய்ப் பாத்துக்கறனுங்க.

பேனாவை மூடி அவர் பையில் செருகிவிட்டு, தாளை எடுத்து நீளவாக்கில் மடிக்கிறேன். நல்ல கனமான தாள். ஓரன் இறந்த பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்துப் பார்க்கிறேன், அளவு சரியாக இருக்கிறது. சார், அது ஒரிஜினல் சார். தொலையாதுங்க. சார், நெஜமாவே ராய்ப்பூர் போட்ருவாங்க சார், நான் ஒண்ணும் பண்ண முடியாது. ராய்ப்பூருக்கு இங்கிருந்து ரயில்ல எவ்வளவு நேரமாகுமுங்க. அவர் யோசிக்கிறார், நிஜமாகவே யோசித்துச் சொல்கிறார், ஒரு நாளுக்கு மேல ஆகும் சார். அப்ப ரெண்டாம் பாகம் போறப்பவே முடிஞ்சுருமுங்க. பாய் தொண்டையைக் கனைக்கிறார், அல்லது சிரிக்கிறார். பிரணவ் அவர் பக்கம் திரும்புகிறார். பாய், நீங்க, என்கிறார். இவரு படிச்சு முடிக்கட்டுங் சார், பொறவு பாக்கலாம், என்கிறார் பாய். துளசிமணியைக் கேட்கவே இல்லை, அவள் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், தரையில் கிரீச் என்கிறது. கதவு வரை போனவர் திரும்புகிறார். சார், ஓரன் மேட்டர் மட்டும் ஒரு விஷயம். சொல்லாதீங்க சார், என்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போகிறார், கதவை இழுத்துச் சாத்தப் பார்க்கிறார். தொறந்தே இருக்கட்டுங்க, காத்து வருது. வராந்தாவுக்கு அந்தப் பக்கம் ஷாப்பில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்கிறது, எந்த மெஷினுக்கு பேரிங் போயிருக்கிறது என்று கூட இங்கிருந்தே சொல்லலாம், இப்போது அதற்கு நேரமில்லை. இவருக்குக் கதை தெரியுமாட்ட இருக்குதுங்ணா, என்கிறாள் துளசிமணி. தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுட்டும் அம்மிணி. தாளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு, எஞ்சின் அறையில் என்று ஆரம்பிக்கிற வரியிலிருந்து, தளபதி சாளரத்தருகே நிற்கிற அடுத்த வரியை மட்டும் விட்டுவிட்டு, வராந்தாக் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி படிக்க ஆரம்பிக்கிறேன்.